ஆயுத பூஜைச் சந்தனம்

வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். என் சம்சாரம் மாடவீதியில் நின்றபடி தலையில் அடித்துக்கொள்வாள். கல்யாணமான நாள் முதல் அவளுக்கு இதே பாடுதான். ஆனால் முப்பது வருஷத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு டம்ளர்கூடக் களவு போனதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் காகிதமும் பேனாவும் கொடுத்து, அவசரமில்லை, நிதானமாக எழுதும் என்றீர்கள். நிதானம் எனக்குப் பிறவிக்குணம். என் பெயர் சுவாமிநாதன், வயது ஐம்பத்திரண்டு, இருப்பது மயிலாப்பூர் தெற்கு மாடவீதி. நாற்பத்தெட்டாம் வருஷம் விஜயதசமியன்று மீனம்பாக்கத்தில் கிளம்பி, நங்கநல்லூர் வயலில் விழுந்த சின்ன விமானத்துக்கு நான்தான் மெக்கானிக். அதில் போன நான்கு பேரும் இறந்தார்கள். மூன்று பேர் பாராசூட் கட்டிக்கொண்டு குதிக்கப் போனவர்கள், ஒருவர் ஓட்டிப்போனவர். அது எப்படி விழுந்தது என்பதை முதலிலிருந்து எழுதித் தருகிறேன். நடுவில் நீங்கள் எதுவும் கேட்க வேண்டியிருக்காது.

விமானத்தின் சொந்தக்காரர் அக்பர் பாஷா. ராயப்பேட்டையில் அத்தர்க் கடை, தியாகராய நகரில் பங்களா. சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் போட்டபோது, மற்றவர்கள் லாரி வாங்கினார்கள், கூடாரத்துணி வாங்கினார்கள். இவர் ஒரு விமானமும் எட்டுப் பாராசூட்டும் வாங்கி வந்தார். என்ன செய்வது என்று பிறகுதான் யோசித்தார். யோசனையின் முடிவு, 'ஆகாயக் குதிப்பு' என்ற காட்சி. நடுநாளில் ஒத்திகைக்குப் பறப்பது போக, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாறு முகத்துவாரத்து மணலில் ஜனங்கள் கூடுவார்கள். வானத்திலிருந்து மூன்று பேர் குடை விரித்து இறங்குவார்கள். வேர்க்கடலைக்காரனுக்கு அன்றைக்கு நல்ல விற்பனை.

குதிப்பவர்களில் மூத்தவர் மெஹபூப் அலி. மீர்சாகிப்பேட்டைக்காரர், பட்டாளத்தில் பாராசூட் பழகியவர். இன்னொருவன் அவருடைய தம்பி மகன் குலாம் ரசூல், இருபது வயது. மூன்றாவது, சாந்தோமிலிருந்து வந்த ஆரோக்கியமேரி. அவள் சர்க்கஸில் கம்பி மேல் சைக்கிள் ஓட்டியவள். நோட்டீஸில் அவள் படம்தான் பெரிதாக இருக்கும். ஓட்டுகிறவன் துரைராஜ். சண்டையில் பர்மாப் பக்கம் பறந்தவன், இருபத்தெட்டு வயது, சீப்பு இல்லாமல் வெளியே கிளம்பமாட்டான். விமானத்தைக் கழுவித் துடைக்கப் பொன்னுரங்கம் என்று ஒருவன், அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வருவான். இவ்வளவு பேர்தான். இவர்கள் எல்லோருடைய உயிரும் என் பொறுப்பு. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்னும் நான் பரிசோதனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாகமாகப் பார்த்து, எதிரே 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது சட்டம். அது போக, நானே ஒரு நோட்டு வைத்திருந்தேன். அதற்கு எச்சரிக்கை நோட்டு என்று பெயர். டயரில் மயிரிழை வெடிப்பு, எண்ணெய்க் கசிவு, தென்மேற்கில் கருமேகம், துரைராஜ் முதல் நாள் இரவு சரியாகத் தூங்கவில்லை. இப்படி இரண்டு வருஷத்தில் அறுபத்து மூன்று எச்சரிக்கைகள் எழுதினேன். அறுபத்து மூன்று தடவையும், இன்று பறக்க வேண்டாம் என்றேன். அறுபத்து மூன்று தடவையும் பறந்தார்கள். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

இது சாதாரண விஷயமாக உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் நல்லபடியாகத் திரும்பி வந்து நிற்பதைப் போல ஒரு மனிதனை அவமானப்படுத்துகிற காரியம் வேறில்லை. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். உயிரோடு வந்து தோளில் தட்டுகிறவனை என்ன செய்ய முடியும்?

துரைராஜ் எனக்குக் 'கைகாட்டி ஐயர்' என்று பெயர் வைத்தான். சைதாப்பேட்டை ஸ்டேஷனுக்கு வெளியே நிற்குமே, ரயிலை நிறுத்துகிற கைகாட்டி மரம், அதுதான். அதன் கை இறங்கினால்தான் ரயில் போகலாம்.

"சாமி சார், ரயில்வே கைகாட்டிகூட நாளைக்கு நாலு தடவை இறங்குது. உங்க கை என்னிக்குத்தான் இறங்கும்?" என்பான்.

ஆரோக்கியமேரி வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். பொன்னுரங்கம் வாயை மூடாமலே சிரிப்பான். நானும் சிரித்து வைத்தேன். செவிடன் காதில் சங்கு ஊதுகிறவனுக்குக் கன்னம்தான் வலிக்கும்.

மெஹபூப் அலி மட்டும் சிரிக்கமாட்டார். நோட்டை வாங்கி, எழுத்துக்கூட்டி, ஒரு பக்கம் விடாமல் படிப்பார். "நீங்க எழுதறது எல்லாம் கரெக்ட்டுதான் சாமி சார். ஆனா ஜனங்க வந்து மணல்ல உக்காந்துட்டாங்களே, இன்னா பண்றது" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, பாராசூட்டைத் தூக்கிக்கொண்டு போவார். மரியாதை தெரிந்தவர். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

இனி அந்தக் குழாயைப் பற்றி. விமானத்தின் இறக்கைக்கு அடியில், முன்பக்கம் நீட்டிக்கொண்டு, சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய் இருக்கும். பறக்கும்போது எதிர்க்காற்று அதன் வாயில் புகும். எவ்வளவு வேகமாகப் புகுகிறதோ, அதற்கேற்றபடி ஓட்டுகிறவன் முன்னால் உள்ள கடிகாரத்தில் முள் நகர்ந்து வேகத்தைக் காட்டும். குழாய் அடைத்துக்கொண்டால் முள் பொய் சொல்லும். தரையில் ஓடும்போது அசையாது. மேலே ஏற ஏற, வேகம் கூடிக்கொண்டே போவதாகக் காட்டும். அதை நம்பி, அடடா, இவ்வளவு வேகமா என்று ஒருவன் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்தால், உண்மையில் இருக்கிற கொஞ்ச வேகமும் போய்விடும். இறக்கை காற்றைப் பிடிக்காது. அப்புறம் விமானத்துக்கும் அம்மிக்கல்லுக்கும் வித்தியாசம் இல்லை.

பூச்சி, தூசி புகாமல் இருக்க அந்தக் குழாய்க்கு நானே ஒரு சிவப்பு உறை தைத்துப் போட்டிருந்தேன். என் சம்சாரத்தின் பழைய ரவிக்கைத் துணி. பறப்பதற்கு முன் அதைக் கழற்றுவது என் வேலை. வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லியும் வைத்திருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. மறுநாள் விஜயதசமி, பெரிய காட்சி. அக்பர் பாஷாவுக்கு இதிலெல்லாம் வித்தியாசம் கிடையாது. பூஜைக்குப் பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் அவரே தியாகராய நகரிலிருந்து காரில் போட்டுக்கொண்டு வருவார். மாலை நான்கு மணிக்கு, மீனம்பாக்கத்தில் விமானம் நிறுத்துகிற கொட்டகையில் எல்லோரும் கூடியிருந்தோம். பூஜை தொடங்குவதற்கு முன் அவர் என் தோளில் கை போட்டார்.

"சாமி சார், உங்களுக்கும் வயசாவுது. இந்த எண்ணெய், கிரீஸ் எல்லாம் இன்னும் எத்தினி நாளு? பெங்களூர்லேர்ந்து ஒரு புள்ளையாண்டான் வரான், அடுத்த மாசத்துலேர்ந்து மெஷினை அவன் பாத்துக்குவான். நீங்க மணல்ல நாற்காலி போட்டுக்கினு ஜனங்களை வரிசையா நிப்பாட்டுங்க. எச்சரிக்கை எல்லாம் அவங்களுக்குச் சொல்லுங்க. கேப்பாங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், மெஹபூப் அலியைத் தவிர. துரைராஜ் கைதட்டினான். எனக்குக் காது இரண்டும் சுட்டன. இரண்டு வருஷம் நான் எழுதியதெல்லாம், ஒரு கிழவனின் பயம் என்று ஊரறிய ஆகிவிட்டது. பெங்களூர்ப் பையன் வருவான், 'சரி, சரி' என்று எழுதுவான், இவர்கள் பறப்பார்கள், திரும்பி வருவார்கள். நான் சொன்னதில் ஒன்றுகூட உண்மை இல்லை என்று கணக்கு முடிந்துவிடும். தலைவலி என்று சொல்லிவிட்டு, பூஜை முடியும்வரை நிற்காமல், மாம்பலத்துக்கு ரயில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். பொரிகூட வாங்கவில்லை.

நான் போன பிறகு பொன்னுரங்கம் விமானத்துக்குப் பொட்டு வைத்திருக்கிறான். முன்னால் சுற்றுகிற விசிறிக்கு, சக்கரத்துக்கு, கதவுக்கு, இறக்கைக்கு எல்லாம் சந்தனம், குங்குமம். கடைசியில் சிவப்பு உறை கண்ணில் பட்டிருக்கிறது. விசாரணையில் அவனே சொன்னான்: "எல்லாத்துக்கும் வெச்சுட்டு அத்தெ மட்டும் உட்டா, அது கோச்சுக்காதா சாமி? அதாங்காட்டியும் உறையக் கயட்டிட்டு, மூஞ்சிலே ஒரு பொட்டு வெச்சேன். திரும்பி உறைய மாட்டிட்டேன்." அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊரில் தராசுக்கு, அம்மிக்கு, மூக்குக்கண்ணாடிக்குக்கூடப் பொட்டு வைக்கிறோம்.

விஜயதசமி காலையில் முதல் ஆளாக நான்தான் கொட்டகைக்குப் போனேன். ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு உறையைக் கழற்றினேன். குழாயின் வாயில் சந்தனம் அப்பியிருந்தது, நடுவில் குங்குமம். இரவு முழுவதும் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது. விரலால் தட்டினேன், உதிரவில்லை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

வெந்நீரும் ஓர் ஈர்க்குச்சியும் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. வெந்நீர் போட்டேன். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சியும் ஒடித்தேன். அப்போதுதான் யோசனை வந்தது.

என் யோசனை இதுதான். துரைராஜ் வண்டியைத் தரையில் ஓட்டுவான். முள் அசையாது. உடனே நிறுத்துவான். முகம் வெளுத்து இறங்கி வருவான். அக்பர் பாஷா, ஆரோக்கியமேரி, பொன்னுரங்கம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "சாமி சார், நீங்க எப்பவும் சொல்வீங்களே" என்பான். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். உறைத் துணியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போய்க் குழாயைக் காட்டுவேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரே ஒரு தடவை. அறுபத்து மூன்றுக்கு ஒன்று என்பது பேராசை இல்லையே.

வெந்நீரில் காபி கலந்து குடித்தேன். பரிசோதனைப் புத்தகத்தை எடுத்து எழுதினேன். சக்கரம், சரி. எண்ணெய், சரி. இறக்கைக் கம்பிகள், சரி. வேகக் குழாய் என்ற இடத்தில் மட்டும் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பொய் எழுதுகிற வழக்கம் இல்லை. புத்தகம் இன்னும் சர்க்கார் வசம்தான் இருக்கிறது, நீங்கள் வரவழைத்துப் பார்க்கலாம்.

ஒன்பதரை மணிக்கு எல்லோரும் வந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்னோட்டம் மாதிரி மேகம் தாழ்வாக இருந்தது. வழக்கமாக இதற்கே ஓர் எச்சரிக்கை எழுதியிருப்பேன். அன்று எழுதவில்லை. துரைராஜ் விமானத்தைச் சுற்றி வந்தான், பொட்டுகளைப் பார்த்து, "கல்யாணப் பொண்ணு கெட்டுது போ" என்று சொல்லிப் பொன்னுரங்கத்தின் முதுகில் தட்டினான். குலாம் ரசூல் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தான். ஆரோக்கியமேரி பாராசூட் வாரை இறுக்கிக்கொண்டே, மணலில் தன் அம்மாவும் சித்தியும் வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்றும், அம்மா பார்க்க வருவது இதுதான் முதல் தடவை என்றும் சொன்னாள்.

ஏறுவதற்கு முன் மெஹபூப் அலி மட்டும் என்னிடம் வந்தார். முதல் நாள் நடந்ததற்கு அவர்தான் வருத்தப்பட்டார் போலிருந்தது.

"சாமி சார், பாஷா பாய் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. இன்னிக்கு நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் ஏறுவேன். போலாமா?"

நின்று யோசித்தேன். பக்கத்தில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள்.

"தாராளமாப் போகலாம்" என்றேன்.

துரைராஜ் தொப்பியைக் கழற்றி உயரே வீசினான். "யம்மா மேரி, பாத்தியா? கைகாட்டி இறங்கிடுச்சு." எல்லோரும் கைதட்டினார்கள். அக்பர் பாஷா என்னைக் கட்டிக்கொண்டார். மெஹபூப் அலி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஏறினார். நான் பொய் சொல்லவில்லை என்பதை மறுபடியும் குறித்துக்கொள்ளுங்கள். போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றேன். திரும்பி வருவதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

விமானம் தரையில் ஓடியது. நிற்கவில்லை. கிளம்பிவிட்டது.

துரைராஜ் தரையில் ஓடும்போது முள்ளைப் பார்க்கிற வழக்கம் இல்லாதவன். என் நோட்டில் முப்பத்தேழாவது எச்சரிக்கையே அதுதான். கேட்டால், "என் முதுகுக்கே வேகம் தெரியும் சார், மேகத்துக்குள்ள போனாத்தான் முள்ளு வேணும்" என்பான். இது எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் அன்றைக்கு மட்டுமாவது பார்ப்பான் என்று எதிர்பார்த்தேன். மனிதர்கள் திருந்துவார்கள் என்று நம்புகிறவன் நான்.

எண்ணூறு அடி உயரத்தில் மேகத்துக்குள் நுழைந்தான். இயந்திரத்தின் சத்தம் குறைவது எனக்குக் கேட்டது. முள்ளைப் பார்க்கிறான் என்று தெரிந்துகொண்டேன். பிறகு மேகத்திலிருந்து விமானம் தலைகீழாக வெளியே வந்தது, பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டு. பக்கத்தில் பொன்னுரங்கம், "இன்னா சாமி, வித்தை காட்றாரா?" என்று கேட்டான். வானத்திலிருந்து குதிப்பதற்கென்றே பழகிய மூன்று பேர் உள்ளே இருந்தார்கள், முதுகில் பாராசூட் இருந்தது. குதிக்கத்தான் நேரமில்லை. ஒரு குடை மட்டும் கதவுக்கு வெளியே கொஞ்சம் விரிந்தது. நங்கநல்லூர் ஏரிக்கு இப்பால், நாற்று நட்ட வயலில் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். விரிந்த குடை ஆரோக்கியமேரியுடையது.

முகத்துவாரத்து மணலில் ஜனங்கள் பதினொரு மணிவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏமாற்றுக்காரர்கள் என்று சத்தம் போட்டுவிட்டுக் கலைந்தார்களாம். அவள் அம்மாவுக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வீட்டுக்கு வந்து தலைமுழுகினேன். சாவு கண்டு வந்தால் குளிப்பது எங்கள் வழக்கம்.

அதற்குப் பிறகு நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அக்பர் பாஷா என் வீட்டுக்கே வந்து, ரேழியில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதார். "நீங்க சொன்னப்பல்லாம் கேட்டிருக்கணும் சாமி சார். ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கணும்" என்றார். கபாலி கோவில் குளக்கரையில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னை நிறுத்தி, "ஓய், நீர் அப்பவே சொன்னீராமே" என்று விசாரித்தார்கள். என் எச்சரிக்கை நோட்டைப் பத்திரிகைக்காரர் ஒருவர் வாங்கிப் பார்த்தார். பெங்களூர்ப் பையனை வரவேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். நான்கு குடும்பம் பரிதவிக்கும்போது இதைச் சொல்லக்கூடாது, ஆனால் எனக்கு விசாரணை நடந்த நாற்பது நாளும் நன்றாகத் தூக்கம் வந்தது.

துக்கம் கேட்க மீர்சாகிப்பேட்டைக்கும் போயிருந்தேன். மெஹபூப் அலியின் மனைவி அமீனா பீ திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள். "உங்களைப் பத்திதான் எப்பவும் சொல்வாரு. சாமி சார் போலாம்னு சொல்ற அன்னிக்குக் கண்ணை மூடிக்கினு ஏறலாம், அப்பிடிம்பாரு. அன்னிக்கு நீங்க ஊர்ல இல்லியா அண்ணா?" என்று கேட்டாள். இருந்தேன் என்றேன். சேமியாப் பாயசம் கொடுத்தனுப்பினாள், எங்கள் வீட்டில் சாப்பிடமாட்டோம் என்பதால் வழியிலேயே ஒரு பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

நாற்பத்தோராம் நாள் விசாரணை அறிக்கை வந்தது. பத்திரிகையில் பாதிப் பக்கம் போட்டிருந்தார்கள். குழாயைப் பிளந்து பார்த்திருக்கிறார்கள், சந்தனம் இருந்தது. பூசியவன் படிப்பறிவில்லாதவன், தெரியாமல் செய்தான், விட்டுவிடலாம். 'ஆனால் மெக்கானிக் சுவாமிநாதன் தம் கடமையில் கவனக்குறைவாக இருந்தார். குழாயின் அடைப்பைக் கவனிக்கத் தவறினார். பார்க்காமலே பார்த்தேன் என்று புத்தகத்தில் எழுதினார். வயதின் காரணமாகக் கண்பார்வையும் ஞாபகசக்தியும் குறைந்தவராகத் தெரிகிறது. இவருடைய லைசென்ஸை ரத்து செய்தால் போதுமானது.' இப்படி எழுதியிருந்தது. நான் மூன்று தரம் படித்தேன்.

இதற்கிடையில் பொன்னுரங்கத்தின் பெண்சாதி சொர்ணம் வந்து வாசலில் நின்றாள். "சாமி, அவரு சோறு துன்ன மாட்றாரு. ராப்பகலா குந்திக்கினே கீறாரு. நாலு உசிர நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு அதே பேச்சு. நேத்து கயித்த எடுத்துக்கினு ஆத்தோரம் பூட்டாரு, நாந்தான் காலப் புடிச்சி இஸ்தாந்தேன். நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லுங்க சாமி" என்று அழுதாள். வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். போகவில்லை. எனக்கு அவன் மேல் கோபம்தான் வந்தது. நாலு பேரை அவன் கொன்றானாம். அவனுக்கு அந்தக் குழாய் எதற்கு என்றுகூடத் தெரியாது.

பொன்னுரங்கத்தைக் காப்பாற்ற மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி எழுத வேண்டாம். நான் வந்தது என் சம்சாரத்தால். நேற்றுச் சாயங்காலம் அவள் அந்தப் பத்திரிகையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் அவ்வளவு இதமாகப் பேசியதில்லை.

"போனாப் போறது, விடுங்கோ. உங்களுக்கும் வயசாயிடுத்து. கண்ணு தெரியாம எங்கேயோ விட்டுப்போச்சு. மனுஷான்னா மறதி வராதா? நான் யாரண்டையும் இதைப் பத்திப் பேச மாட்டேன்" என்றாள். பிறகு எழுந்துபோய், நான் பூட்டிய வாசல் கதவை அவள் ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

ஆகவே, இன்ஸ்பெக்டர் ஐயா, ஈர்க்குச்சியைப் பற்றி மேலே நான் முழுதும் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். பொன்னுரங்கம் வைத்த பொட்டு குழாயின் வாயில் மட்டும்தான் இருந்தது. வெளியே தெரிந்தால் துரைராஜ் சுற்றி வரும்போது கண்ணில் பட்டுவிடும். அதோடு, நுனியில் மட்டும் இருப்பது விமானம் ஓடுகிற வேகத்தில் பெயர்ந்து விழுந்துவிடும். ஆகவே வெந்நீரில் துணியை நனைத்து வெளியே இருந்ததைச் சுத்தமாகத் துடைத்தேன். வாயில் இருந்ததை ஈரப்படுத்தி, ஈர்க்குச்சியால் உள்ளே தள்ளினேன். பூஜைத் தட்டில் மீந்திருந்த சந்தனத்தையும் குழைத்து, இன்னும் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு இறுக்கமாக அடைத்தேன். காய்வதற்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டு, அவர்கள் வருமுன் ஒன்பதேகாலுக்கு ஒரு தரம் தொட்டும் பார்த்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. குழாயைப் பிளந்து பார்த்தவர்கள், ஒரு பொட்டுச் சந்தனம் அவ்வளவு ஆழத்துக்கு எப்படிப் போகும் என்று யோசித்திருக்க வேண்டாமா? கவனக்குறைவு யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

சட்டம் எனக்கு என்ன விதிக்குமோ விதிக்கட்டும், அதைப் பற்றி நான் மனுக் கொடுக்கவில்லை. என் கோரிக்கை ஒன்றுதான். அந்த அறிக்கையில் 'கவனிக்கத் தவறினார்' என்ற வார்த்தைகளை அடித்துவிட்டு, நான் எல்லாவற்றையும் கவனித்தேன் என்று சர்க்கார் முத்திரையோடு திருத்தி, ஒரு நகலைத் தெற்கு மாடவீதி விலாசத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். பாவம், இரண்டு நாளாக அவள் முகமே சரியில்லை. அதைப் படித்தால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும்.